சக்கரத் தடமும் ஒரு சாட்சிதான்



பிரான்சில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் இப்போது ஒரே விஷயத்தைச் சொல்லி ஆச்சரியப்படுகிறார்கள். "பையன் ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறான். மோட்டார் சைக்கிள் விலை. அதில் நல்ல தார் ரோட்டை விட்டுவிட்டு, கல்லிலும் மண்ணிலும் ஓட்டுகிறான். கேட்டால் 'கிராவெல்' என்கிறான்." கடற்கரைச் சாலையில் மாலை நடைக்குப் போகும்போது இந்தப் பேச்சை நானே நாலைந்து பேரிடம் கேட்டுவிட்டேன். நாமெல்லாம் கப்பிச் சாலையில் சைக்கிள் மிதித்து முதுகு வலித்தவர்கள். ஊருக்கு எப்போது தார் போடுவார்கள் என்று காத்திருந்தவர்கள். ஆகவே நமக்கு இது வினோதமாகப் படுவதில் தவறில்லை.

ஆனால் இந்தப் பொழுதுபோக்குக்கு நான் கட்சி கட்டப் போகிறேன். அதிலும் குறிப்பாக, ஓவெர்ஞ் பகுதியின் எரிமலை நாட்டுப்புறத்தில் இந்தச் சைக்கிள்காரர்கள் ஓட்டுகிற மண்பாதைகளுக்காகப் பேசப் போகிறேன். உடற்பயிற்சி, இயற்கை அழகு என்று எல்லோரும் சொல்லும் காரணங்கள் இருக்கட்டும். முப்பது வருடத்துக்கு மேல் நில ஆவணங்களோடு உட்கார்ந்திருந்த ஒரு குமாஸ்தாவுக்கு வேறு ஒரு காரணம் கண்ணில் படுகிறது. அந்தச் சைக்கிள்கள் போவதால்தான் அந்தப் பாதைகளில் பல பாதைகளாகவே இருக்கின்றன. இதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். பிரெஞ்சு வழியில் படித்த நம்மவர்களுக்கு 'மசிஃப் சொந்த்ரால்' என்ற பெயர் மறந்திருக்காது. பிரான்சின் நடுவயிற்றில் உள்ள மேட்டுநிலம். வரைபடத்தில் பழுப்பு நிறம் தீட்டி, வாத்தியார் சுட்டிக்காட்டும் கோலால் தட்டிய இடம். வெர்சின்ஜெத்தொரிக்ஸ் என்ற கோல் நாட்டுத் தலைவன் கி.மு. 52இல் சீசரின் படையைத் தடுத்து நிறுத்திய ஜெர்கோவி என்று படித்தோமே, அதுவும் அங்கேதான், கிளெர்மோன்-ஃபெரான் நகரத்துக்குத் தெற்கே. கறுப்பு எரிமலைப் பாறை மூடிய ஒரு தட்டைக் குன்று அது. தமிழ்ப் பிள்ளைகளான நமக்கும் கோல் நாட்டவரே முன்னோர் என்று சொல்லிக்கொடுத்த காலத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ஆனாலும் அந்தப் பாடத்தின் தயவால், என் மகள் கல்யாணமாகி கிளெர்மோனுக்குக் குடிபோனபோது எனக்கு அந்த ஊர் அந்நியமாகத் தெரியவில்லை.

அந்த நகரத்துக்கு மேற்கே, வடக்கு தெற்காக முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, சுமார் 80 எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. 'ஷேன் தே புய்' என்று பெயர். எல்லாம் அணைந்தவை. அணைந்து ஏழெட்டாயிரம் வருடம்தான் ஆகிறது என்பதால் உருவம் கலையவில்லை. கிண்ணம் கவிழ்த்த மாதிரி சில, உச்சியில் பள்ளம் விழுந்தவை சில, ஒரு பக்கம் உடைந்து சிவப்பு வயிறு தெரிபவை சில. நடுவில் 1,465 மீட்டர் உயரத்தில் பெரியவர் புய் தெ தோம். 2018இல் யுனெஸ்கோ இந்த வரிசையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இவை எரிமலைகள் என்பதே 1751 வரை யாருக்கும் தெரியாது. அந்த வருடம் கெத்தார் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் அந்த வழியாகப் பயணம் செய்தார். வடக்கே முலென் என்ற ஊரில் ஒரு கறுப்புக் கல்லைப் பார்த்து, இது எரிமலைக் குழம்பு உறைந்த கல் அல்லவா என்று சந்தேகப்பட்டார். எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டே தெற்கே வந்தார். வொல்விக் என்ற ஊரின் கல்குவாரிக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து மலைகளைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. கிளெர்மோனின் கறுப்பு மாதா கோவிலைக் கட்டியதும் அந்த வொல்விக் கல்லால்தான். ஆக, கல்லைப் பார்த்துப் பாதையில் நடந்த ஒருவர்தான் அந்த மலைகள் யார் என்பதைக் கண்டுபிடித்தார். கல்பாதையில் மெதுவாகப் போவதில் லாபம் இல்லை என்று யார் சொன்னது?

இப்போது 'கிராவெல்' என்பதைப் பார்ப்போம். பந்தயச் சைக்கிளைப் போலவே வளைந்த கைப்பிடி. ஆனால் டயர் அகலம். பந்தய டயர் கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர் என்றால் இது 40, 45, சில சமயம் 50. காற்றைக் கொஞ்சம் குறைவாக அடிப்பார்கள். அதனால் சின்னக் கல்லை விழுங்கிக்கொண்டு போகும். தார் ரோட்டிலும் சோம்பாமல் ஓடும். மலை ஏறி இறங்கும் முரட்டுச் சைக்கிளுக்கும் பந்தயச் சைக்கிளுக்கும் நடுப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் புதுமை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். புதுமை ஒன்றும் இல்லை. 1891இல் பாரீசிலிருந்து பிரெஸ்த் போய்த் திரும்பும் பந்தயம் முதன்முறையாக நடந்தது. சுமார் 1,200 கிலோமீட்டர். தெர்ரோன் என்ற வீரர் 72 மணி நேரத்துக்குள் முடித்து ஜெயித்தார். அன்று ஏது தார் ரோடு? முழுக்க முழுக்க மண்ணும் சரளையும்தான். அவர் போட்டிருந்தது கழற்றி மாட்டக்கூடிய மிஷ்லென் டயர். அதுவரை காற்றடைத்த டயரை சக்கரத்தோடு ஒட்டிவிடுவார்கள். பஞ்சர் ஆனால் ஒரு ராத்திரி வேலை. கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்த மிஷ்லென் சகோதரர்களின் தொழிற்சாலை எங்கே இருந்தது? அதே கிளெர்மோனில். நம் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் டயரை நெம்பி டியூபை வெளியே இழுக்கிறாரே, அந்தக் காரியத்தின் பூர்வீகம் எரிமலை அடிவாரத்தில் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. போன நூற்றாண்டின் முற்பாதியில் பிரான்சின் சாலைச் சந்திகளில் மிஷ்லென் கம்பெனி ஊர்ப் பெயர் எழுதிய கற்களை நட்டது. அதன் பெயர்ப் பலகைகள் எனாமல் பூசிய எரிமலைக் கல். இன்றும் சில இடங்களில் நிற்கின்றன, எழுத்து மங்காமல்.

2022 கோடையில் மகள் வீட்டில் இருந்தபோது மாப்பிள்ளை என்னை அந்தப் பாதைகளுக்குக் கூட்டிப்போனார். "மாமா, உங்களுக்கு மோட்டார் உதவி உள்ள சைக்கிள் வாடகைக்கு எடுத்திருக்கேன், பயப்படாதீங்க" என்றார். எழுபது தாண்டியவனுக்கு அது போதும். லஷாம் என்ற கிராமத்துப் பக்கமிருந்து புறப்பட்டோம். பீச் மரக்காடு, பிறகு திறந்த மேய்ச்சல் வெளி, பிறகு மறுபடி காடு. இடப்பக்கம் ஒரு எரிமலை, வலப்பக்கம் ஒரு எரிமலை. நடுவில் மாட்டுவண்டி ஒன்று தாராளமாகப் போகும் அகலத்தில் பாதை. ஒரு காலத்தில் மாட்டுவண்டி போனதும் அங்கேதான்.

தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எரிமலை துப்பிய கசடு, சிவப்பாகவும் கறுப்பாகவும் பொரியைப் போல் ஓட்டை விழுந்த சின்னச் சின்னக் கல்லாகக் கிடக்கிறது. 'புஸோலான்' என்கிறார்கள். கையில் எடுத்தால் கனமே இல்லை. மழைத் தண்ணீர் அதில் நிற்காது, உடனே உள்ளே இறங்கிவிடும். அதனால் மழை விட்ட கொஞ்ச நேரத்திலேயே சக்கரம் சேறு படாமல் ஓடும். இதற்கு மறுபக்கமும் உண்டு. தண்ணீரெல்லாம் உள்ளே இறங்கிவிடுவதால் மலைவரிசையின் மேல் ஓடைகள் அரிது. அந்தத் தண்ணீர் கல்லுக்குள் வடிந்து, பழைய நெருப்புக் குழம்பு ஓடி நின்ற கீழ்ப்பகுதிகளில் ஊற்றாக வெளிவருகிறது. புட்டியில் அடைத்து விற்கும் வொல்விக் தண்ணீர் அப்படி வந்ததுதான். ஆகவே சைக்கிள்காரன் கிராமத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். கிராமத்தைத் தவிர்த்துவிட்டு அந்த நாட்டுப்புறத்தைச் சுற்ற முடியாது. எனக்கு இது பிடித்திருந்தது.

இப்போது குமாஸ்தாவின் கண்ணுக்கு வருவோம்.

பிரான்சில் இப்படிப்பட்ட நாட்டுப்புற மண்பாதைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டத்தில் 'ஷெமென் ருய்ரால்' என்று பெயர். அது கொம்யூனுக்குச் சொந்தம். கொம்யூன் என்ற சொல்லை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நம் கொம்யூன் பஞ்சாயத்துகளின் மூலம் அதுதானே. ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரண ஊர்ச்சாலை கொம்யூனின் பொதுச்சொத்து. அதை யாரும் எத்தனை வருடம் ஆக்கிரமித்தாலும் உரிமை வராது. 'ஷெமென் ருய்ரால்' அப்படியல்ல. மக்கள் பயன்படுத்தத் திறந்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது கொம்யூனின் தனிச்சொத்து. ஆகவே பக்கத்து நிலக்காரர் முப்பது வருடம் யாரும் கேட்காமல் அதை உழுது அனுபவித்தால், அது அவருடையதாகவே ஆகிவிடலாம். மக்கள் அந்தப் பாதையைப் பயன்படுத்துவது நின்றுவிட்டால், பொதுவிசாரணை வைத்து கொம்யூனே அதை விற்கவும் செய்யலாம்.

அப்படியானால் பாதை உயிரோடு இருக்கிறது என்பதற்கு என்ன ருசு? சட்டமே சொல்கிறது: மக்கள் அதில் போய்வருவது ஒரு ருசு, ஊராட்சி அதைத் திரும்பத் திரும்பக் கவனித்துப் பராமரிப்பது இன்னொரு ருசு. இதை மாப்பிள்ளை வீட்டுக் கணினியில் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். சக்கரத் தடம் வெறும் தடமல்ல. அது ஒரு சாட்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வழியாகப் போகிற ஒவ்வொரு சைக்கிளும், தனக்குத் தெரியாமலே, "இந்தப் பாதை பொதுவழக்கில் இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறது.

பழைய நாளில் இந்தச் சாட்சியைச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பால்காரர், தபால்காரர், மாடு ஓட்டுகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூசைக்குப் போகிற பாட்டிகள் எல்லோரும் அந்த வழியே போனார்கள். பிறகு என்ன ஆனது? 1941இல் வந்த சட்டத்துக்குப் பிறகு சிதறிக்கிடந்த நிலங்களை ஒன்றுசேர்த்துப் பெரிய வயல்களாக்கினார்கள். டிராக்டருக்கு அது வசதி. ஆனால் நாடெங்கும் பல சின்னப் பாதைகள் அந்தப் பெரிய வயல்களுக்குள் காணாமல் போயின. இளைஞர்கள் பட்டணத்துக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் மூடியது, கடை மூடியது. பாதையில் நடக்க ஆள் இல்லை. ஆள் இல்லாத பாதையில் முள்தான் நடக்கும்.

இதைத் தடுக்க 1983இல் ஒரு ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு தெபார்த்மானும் நடைபாதைகளுக்கென்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளலாம். அதில் ஏறிய பாதையைக் கொம்யூன் விற்க வேண்டுமானால், அதற்கு ஈடாக வேறு பாதை காட்டியாக வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒன்றை அனுபவத்தில் சொல்கிறேன். பதிவேடு பாதையைக் காப்பாற்றும், அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்கச் சொல்லி யாராவது கேட்கும்வரை. கேட்க ஆள் வேண்டும். அந்த ஆள் இன்று பெரும்பாலும் நடைப்பயணக்காரரும் சைக்கிள்காரரும்தான்.

மேய்ச்சல் வெளிகளின் கதையும் உங்களுக்கு ருசிக்கும். ஓவெர்ஞ் பகுதியில் பல மேய்ச்சல் நிலங்கள் தனியாருடையதும் அல்ல, முழுக் கொம்யூனுடையதும் அல்ல. ஒரு சிற்றூர்க்காரர்கள் எல்லோருக்குமாகச் சேர்ந்த நிலம். 'செக்சியோன்' சொத்து என்கிறார்கள். நம் மந்தைவெளி மாதிரி. பிரெஞ்சுப் புரட்சிக்கும் முந்தைய வழக்கம், இன்றுவரை சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஊரில் குடியிருப்பவர் குறையக் குறைய, அதற்கு வாய் பேசுகிறவரும் குறைகிறார்.

சரி, எதிர்க்கட்சி சொல்வதையும் கேட்போம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

முதலாவது, எரிமலையின் மேனி மென்மையானது. கசடு குவிந்த மலை; அதன் தோல் மெல்லிய புல். கால் பட்டாலே சரியும். பரியூ என்ற எரிமலைக்கு மனிதர் கால் பட்டே தேய்ந்துபோய், மரப்படி கட்டித்தான் காப்பாற்றினார்கள். அங்கே சக்கரம் ஏறினால் மழைத் தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் வெட்டிவிடும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எரிமலையைச் சுற்றிப் போகலாம், மேலே ஏறக் கூடாது. நாம் மலையைச் சுற்றிக் கிரிவலம் வருகிறவர்கள். சுற்றிவந்தாலே தரிசனம் ஆயிற்று என்பது நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமல்ல.

புய் தெ தோம் விஷயத்தில் அப்படித்தான் முடிவெடுத்தார்கள். அதன் உச்சிக்குப் போகும் சாலை பிரெஞ்சு சைக்கிள் பந்தயத்தில் பெயர் பெற்றது. 1964இல் அன்கெத்தீலும் பூலிதோரும் தோளோடு தோள் உரசி ஏறியதை நம் வயதுக்காரர்கள் பத்திரிகைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 2012இல் அங்கே பல்சக்கர ரயில் வந்தது. அதன்பின் தினசரி சைக்கிள் போக்குவரத்துக்கு அந்த வழி இல்லை. 2023 ஜூலையில், 35 வருடம் கழித்துப் பந்தயம் திரும்பி வந்தபோதும், கடைசி 4 கிலோமீட்டருக்குப் பார்வையாளர்களை விடவில்லை. ஆட்டமும் நடந்தது, மலையும் பிழைத்தது. கட்டுப்பாடு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இரண்டாவது, விவசாயியின் குறை. கோடையில் மாடுகள் மேட்டு மேய்ச்சலுக்கு வந்துவிடும். கன்றோடு இருக்கும் பசுவின் அருகே வேகமாகச் சைக்கிளில் வந்தால் அது முட்ட வரும். படலைத் திறந்தவன் மூடாமல் போனால், மாடு அடுத்த ஊருக்குப் போய்விடும்; தேடி அலைவது விவசாயி. போதாததற்கு இப்போது கைப்பேசியில் ஒருவன் போன வழியைப் பார்த்து நூறு பேர் அதே வழியில் வருகிறார்கள். அந்த முதல் ஆள் யாரோ ஒருவருடைய வயலுக்குள் புகுந்து போயிருந்தால், நூறு பேரும் அதே வயலில். 2023 பிப்ரவரியில் வந்த ஒரு சட்டத்தின்படி, தனியார் நிலம் என்று அடையாளம் வைத்த நாட்டுப்புற நிலத்தில் நுழைந்தால் அபராதம். அது வந்தபின் சில நிலக்காரர்கள் தங்கள் காட்டையே மூடிவிட்டார்கள்.

இதற்கு என் பதில்: இந்தக் குறைகளுக்கு மருந்து பாதையை மூடுவதல்ல. பொதுப்பாதை எது, தனியார் வழி எது என்று ஊராட்சி அடையாளம் நட வேண்டும். சைக்கிள்காரன் கைப்பேசிக் கோட்டை நம்பாமல் அந்த அடையாளத்தை நம்ப வேண்டும். படல் மூடியிருந்தால் திறந்து, போய், மறுபடி மூட வேண்டும். மாட்டைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நடந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். இதெல்லாம் பெரிய சாஸ்திரம் அல்ல. பிறர் வாசல் வழியே போகிறவனுக்கு இருக்க வேண்டிய மரியாதை.

நாங்கள் போன அன்று ஒரு படலருகே ஒரு விவசாயி நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் பிரெஞ்சில் வணக்கம் சொன்னதும், எந்த ஊர் என்றார். பொந்திஷேரி என்றேன். அவருடைய மாமா ஒருவர் இராணுவத்தில் இருந்தபோது நம்மூர்ச் சொல்தா ஒருவரோடு பழகினாராம்; பேச்சு அங்கே கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு சைக்கிள்களைக் காட்டி, "முசியே, இவர்கள் சில பேர் வணக்கம் சொல்வதில்லை. அது எனக்குப் பிடிக்காது. ஆனால் இவர்கள் வராவிட்டால் இந்தப் பாதையில் நான் ஒருவன்தான். நானும் போய்விட்டால் முள்தான்" என்றார். எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் ஒரே மனிதருக்குள் இருந்ததை அன்று பார்த்தேன்.

மூன்றாவது வாதம், தார் போடலாமே என்பது. "வயதானவர்கள், குழந்தை வண்டிக்காரர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள் எல்லோரும் போகலாமே, மண்பாதை இளைஞனுக்கு மட்டும்தானா?" என்று கேட்கிறார்கள். முழங்கால் வலிக்காரன் என்ற முறையில் இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். ஊரை ஒட்டி, ஆற்றை ஒட்டி, சமதரையில் அப்படி ஒரு வழி போடட்டும். பிரான்சில் பல இடங்களில் போட்டும் இருக்கிறார்கள். ஆனால் ஆயிரம் மீட்டர் மேட்டில் உள்ள மண்பாதைக்கு அது ஒத்துவராது. பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து உப்பி, தாரைப் பிளந்துவிடும். வருடா வருடம் ஒட்டுப்போட வேண்டும். இருநூறு முந்நூறு பேர் உள்ள ஒரு கொம்யூனுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வரும்? மண்பாதை கெட்டால் இரண்டு வண்டி கசடு கொட்டி மட்டம் பண்ணினால் போதும். அதுமட்டுமல்ல, தார் போட்டால் கார் வரும். கார் வந்தால் அங்கே மெதுவாகப் போகிறவருக்கு இடம் இருக்காது. எழுபது வயதில் எனக்கு வேண்டியது வழுவழுப்பான வழி அல்ல, அவசரப்படுத்தாத வழி.

பொருளாதாரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். காரில் வருபவர் மலையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு மாலைக்குள் நகரத்துக்குத் திரும்பிவிடுகிறார். சைக்கிளில் வருபவருக்குப் பசிக்கும். அவருக்குத் தண்ணீர் வேண்டும், ரொட்டி வேண்டும், சேன்-நெக்தேர் பாலாடைக்கட்டி ஒரு துண்டு வேண்டும், ராத்திரி படுக்க இடம் வேண்டும். வடக்கே மொர்வான் குன்றுகளிலிருந்து இந்த எரிமலைகள் வழியாகத் தெற்கே மத்தியதரைக் கடல்வரை, சுமார் 1,400 கிலோமீட்டர் நீளத்தில் மசிஃப் சொந்த்ராலைக் குறுக்கே கடக்கும் சைக்கிள் வழி ஒன்று இருக்கிறது. அதில் போகிறவர் நாள் கணக்கில் கிராமம் கிராமமாகத் தங்கித்தான் போயாக வேண்டும். ஒரு கிராமத்துக் கடை திறந்திருக்குமா மூடுமா என்பதற்கு ஒரு நாளைக்கு எட்டுப் பத்துப் பேர் வந்தாலே வித்தியாசம்.

இதையெல்லாம் ஏன் புதுவையில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நான் வேலை பார்த்த நாளில், பழைய கிராம வரைபடங்களை விரித்து வைப்பேன். வண்டிப்பாதை என்று இரட்டைக் கோடு போட்டிருக்கும். களத்துக்குப் போய்வந்தவர்கள், "ஐயா, அங்கே பாதை எதுவும் இல்லை, கரும்புதான் இருக்கிறது" என்பார்கள். யாரும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டதில்லை. இந்த வருடம் ஒரு ஏர் சால், அடுத்த வருடம் ஒரு ஏர் சால். மாட்டுவண்டி நின்றதும் கேட்பாரில்லை. காகிதத்தில் பாதை இருந்தது, காலில் இல்லை. ஓவெர்ஞில் நான் பார்த்தது அதன் மறுபக்கம். மாட்டுவண்டி நின்றுபோன பாதையில் வேறொரு சக்கரம் வந்து, காகிதத்தையும் காலையும் மறுபடி சேர்த்து வைத்திருக்கிறது. வந்த சக்கரம் வேலைக்காக வரவில்லை, விளையாட்டுக்காக வந்தது என்று குறை சொல்லலாம். பாதைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆகவே பெரியவர்களே, ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேரன் பிரான்சிலிருந்து பேசும்போது, "ஏண்டா கல்லில் ஓட்டுகிறாய்" என்று கடிந்துகொள்ளாதீர்கள். எந்தப் பாதையில் போனாய், அது எந்தக் கொம்யூன், படலை மூடினாயா, எதிரே வந்தவருக்கு வணக்கம் சொன்னாயா, கிராமத்துக் கடையில் ஏதாவது வாங்கினாயா என்று கேளுங்கள். எரிமலை மேல் ஏறாமல் சுற்றிப் போகச் சொல்லுங்கள். பிறகு, முடிந்தால், உங்கள் சொந்தக் கிராமத்துக்கு ஒரு முறை போய், சின்ன வயதில் நீங்கள் பள்ளிக்கு நடந்த வண்டிப்பாதை இன்னும் இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். இருந்தால், வாரம் ஒரு தடவையாவது யாராவது அதில் நடக்கட்டும்.